அலெக்சாந்திரியாவில் எதைப் பார்ப்பது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரும் ஜனவரியில் நானும் கணவரும் அம்மாவும் எகிப்து போகிறோம். கெய்ரோவில் தங்குகிற நாட்களில் ஒரு நாள் அலெக்சாந்திரியா போய்வரலாம் என்று பயண ஏற்பாட்டாளர் சொல்கிறார். போய்வந்த நண்பர்களோ, “அங்கே ஒன்றுமில்லை. கலங்கரை விளக்கமும் இல்லை, பழைய நூலகமும் இல்லை, அலெக்சாண்டர் சமாதியும் இல்லை” என்கிறார்கள். போகத் தகுந்த ஊர்தானா? அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி உண்டு. சேரநாட்டின் பழைய துறைமுகமான முசிறியோடு வணிகம் செய்த நகரம் என்று படித்திருக்கிறேன். அதன் தடயம் ஏதாவது அங்கே பார்க்கக் கிடைக்குமா?

எஸ்., கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர்கள் சொன்ன மூன்றும் உண்மை. கலங்கரை விளக்கம் 956, 1303, 1323 ஆண்டுகளின் நிலநடுக்கங்களில் சிதைந்து விழுந்தது. பழைய நூலகம் நின்ற இடம் எது என்று இன்றுவரை உறுதியாகவில்லை. அலெக்சாண்டரின் சமாதியைப் பலர் தேடிவிட்டார்கள், கிடைக்கவில்லை. ஆனால் அங்கே ஒன்றுமில்லை என்பதை மட்டும் ஏற்க முடியாது. கி.மு. 331-ல் உருவான நகரத்தின் தலைமேல்தான் இன்றைய ஊர் குடியிருக்கிறது. பழைய நகரத்தில் ஒரு பகுதி தெருவுக்குப் பல மீட்டர் கீழே கிடக்கிறது, இன்னொரு பகுதி கடலுக்குள் கிடக்கிறது. சும்மா தெருவில் நடந்தால் எதுவும் கண்ணில் படாது. எங்கெங்கே தரையைத் திறந்துவைத்திருக்கிறார்களோ அந்த இடங்களைத் தெரிந்துகொண்டு போகவேண்டும்.

முதலில் அந்த ஒரு நாள் திட்டத்தை மாற்றுங்கள். கெய்ரோவிலிருந்து 200 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ரயிலில் இரண்டரை மணி முதல் மூன்று மணி நேரம், தாமதமானால் இன்னும் கூடும். தொல்லியல் இடங்கள் பெரும்பாலும் மாலை நான்கு, ஐந்து மணிக்குள் மூடிவிடும். காலை ரயிலில் போய் இரவு திரும்பினால் கையில் நிற்பது நாலைந்து மணி நேரம். அதில் கோட்டை வாசலில் ஒரு படம், புது நூலக வாசலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள்தான் ‘ஒன்றுமில்லை’ என்கிறார்கள். ஒரு இரவு தங்கி இரண்டு பகல்களை அந்த ஊருக்குக் கொடுங்கள்.

ரயிலில் ஒரு கவனம் வேண்டும். அலெக்சாந்திரியாவில் சிதி காபர், மிஸ்ர் என்று இரண்டு பெரிய நிலையங்கள். முதலில் வருவது சிதி காபர். அங்கே பெருங்கூட்டம் இறங்கும், நீங்களும் சேர்ந்து இறங்கிவிடாதீர்கள். நீங்கள் இறங்கவேண்டியது கடைசி நிலையமான மிஸ்ர். அங்கிருந்து சில நிமிட நடையில் கோம் எல்-டிக்கா அகழ்விடம் வந்துவிடும். நல்ல தொடக்கம் அதுதான்.

1960-ல் போலந்து ஆய்வாளர்கள் அங்கே தோண்டத் தொடங்கினார்கள். எல்லோரும் படம் எடுப்பது லாடம்போல் வளைந்த, 13 வரிசை பளிங்கு இருக்கைகள் கொண்ட சிறிய அரங்கை. அதைத் தாண்டிப் போங்கள். நடைபாதையை ஒட்டி இருபது அளவில் சிறு கூடங்கள் வரிசையாக இருக்கின்றன. சுவரோரம் மூன்று பக்கமும் கல் படிகள், நடுமுனையில் மட்டும் உயரமான ஒரு இருக்கை. அது ஆசிரியருக்கு உரியது. கி.பி. 5 முதல் 7-ஆம் நூற்றாண்டு வரை மாணவர்கள் பாடம் கேட்ட வகுப்பறைகள் இவை. அலெக்சாந்திரியாவின் கல்வியைத் தேடி வருகிறவர்கள் நூலகத்தை நினைத்து ஏங்குகிறார்கள். அந்தக் கல்வி நடந்த அறைகளே இங்கே கூரையில்லாமல் கண்முன் கிடக்கின்றன, அந்தப் பக்கம் நடப்பவர்கள் குறைவு. அதே வளாகத்தில் ‘பறவைகள் மாளிகை’ என்ற ரோமானிய வீட்டின் மொசைக் தரை இருக்கிறது. அதற்குத் தனிச்சீட்டு, வாங்கிவிடுங்கள். திறந்தவெளியில் அடுக்கியிருக்கும் பெரிய கற்களையும் விட்டுவிடாதீர்கள். கைத்பே கோட்டையை ஒட்டிய கடலடியிலிருந்து எடுத்தவை அவை. கலங்கரை விளக்கம் நின்ற இடத்தின் கற்களைத் தொடுகிற தூரத்தில் பார்க்கவேண்டுமானால், கோட்டையைவிட இதுவே சரியான இடம்.

அங்கிருந்து கிரேக்க-ரோமானிய அருங்காட்சியகம் பக்கம்தான். 1892-ல் தொடங்கியது, 2005-ல் மூடி, 2023 அக்டோபரில்தான் மறுபடி திறந்தார்கள். பழைய கையேடுகளில் ‘மூடியிருக்கிறது’ என்றே இருக்கும், அதை நம்பவேண்டாம். ரோமானியப் பேரரசர் ஹாட்ரியன் காலத்துக் கருங்கல் ஏபிஸ் காளையை, எகிப்தியர் வணங்கிய புனிதக் காளையை, முதலில் பாருங்கள். அது நின்ற செராபியம் என்ற செராபிஸ் தெய்வத்தின் கோவில் இடத்துக்கு மறுநாள் போகப்போகிறீர்கள். அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து பார்க்கத் தோதான இடமும் இதுதான்.

மாலையில் புதிய நூலகம். 2002-ல் திறந்தது, நார்வேயின் ஸ்னோஹெட்டா நிறுவனம் வடிவமைத்தது. சாய்ந்த வட்டக்கூரையின் விட்டம் 160 மீட்டர், வெளிச்சுவரின் அஸ்வான் கிரானைட்டில் 120 எழுத்துமுறைகளின் குறிகள். கட்டடத்தைப் பார்த்ததோடு திரும்பாமல் உள்ளே இருக்கும் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குள் போங்கள். நூலகத்துக்கு அடித்தளம் தோண்டும்போது கிடைத்த மொசைக் ஒன்று அங்கே இருக்கிறது. கவிழ்ந்த பாத்திரத்தின் பக்கத்தில் கழுத்துப்பட்டையோடு ஒரு நாய் உட்கார்ந்து உங்களைப் பார்க்கும். கி.மு. 2-ஆம் நூற்றாண்டு வேலை. சின்னச் சின்னக் கற்களில் அந்தக் கண்ணுக்குள் ஈரம் வரவழைத்த கலைஞனுக்காகவே அந்த ஊருக்குப் போகலாம்.

இரண்டாம் நாள் காலை கர்மூஸ் பகுதி. திறக்கும் நேரத்துக்கே கோம் எல்-ஷொகாஃபா நிலத்தடிக் கல்லறைகளுக்குப் போய்விடுங்கள். சுற்றுலாப் பேருந்துகள் வந்தபின் உள்ளே நெரிசல். 1900-ல் ஒரு கழுதை தரை இடிந்து உள்ளே விழுந்ததால் வெளிப்பட்ட இடம் என்பார்கள். பாறையில் குடைந்த மூன்று அடுக்குகள், கி.பி. 2-ஆம் நூற்றாண்டு. நடுவில் கிணறுபோல் ஒரு குழி, அதைச் சுற்றி 99 படிகள் சுழன்று இறங்கும். சடலத்தைக் கயிற்றில் கட்டி அந்தக் குழி வழியாக இறக்கினார்கள். கீழே முதலில் வரும் அறையில் மூன்று பக்கமும் கல் திண்ணைகள். செத்தவர்களுக்குப் படைக்க வந்த சுற்றத்தார் அங்கே சாய்ந்து உட்கார்ந்து விருந்துண்டார்கள்.

மையக் கல்லறையின் முன் குறைந்தது கால் மணி நேரம் நில்லுங்கள். வாசலின் இரு பக்கமும் தாடி வைத்த நாகங்கள். தலையில் எகிப்திய இரட்டை முடி, உடலோடு சேர்த்து கிரேக்கத் தெய்வங்களான ஹெர்மிஸின் கோலும் டயோனிசஸின் கோலும், மேலே பாம்புக் கூந்தல் அரக்கி மெடூசாவின் முகம் பொறித்த கேடயம். உள்ளே திரும்பினால் இறந்தவர்களின் எகிப்தியத் தெய்வமான நாய்முக அனுபிஸ் ரோமானியச் சிப்பாயின் கவசம் மாட்டி நிற்கிறார். பக்கச் சிலைகளில் உடல் எகிப்திய மரபில் விறைத்திருக்கும், முகமோ ரோமானிய மரபில் ஆளை அடையாளம் சொல்லும். எகிப்தும் கிரேக்கமும் ரோமும் ஒரே குடும்பத்தின் சாவு வீட்டில் கலந்து நிற்பதை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது. கல் பெட்டிகளின் மூடி திறக்காது, அது வெறும் செதுக்கல். சடலத்தைப் பின்புற நடைவழியிலிருந்து உள்ளே தள்ளினார்கள். அந்த நடைவழியிலும் ஒருமுறை சுற்றி வாருங்கள்.

இறங்கிய படிகளை ஏறித்தான் ஆகவேண்டும். உள்ளே காற்றும் புழுக்கமாக இருக்கும். நிலத்தடி நீர் இந்த இடத்தைப் பல காலம் வருத்தியது. நீரை வெளியேற்றும் பெரிய பணி 2019-ல் முடிந்தது. ஆனாலும் தரையில் ஈரம் இருக்கும், பிடிப்பான செருப்பு அவசியம். அம்மாவை இறக்கவேண்டாம் என்பதே என் கருத்து. அதே வளாகத்தில் மேலேயே, வேறு தெருவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த டிக்ரான் கல்லறையின் ஓவியங்களை அவர் பார்க்கலாம். நீங்களும் கணவரும் முறைவைத்து இறங்குங்கள்.

பக்கத்திலேயே செராபியம் மேடு. அங்கே நிற்கும் தூணுக்கு வழங்கும் ‘பாம்பேயின் தூண்’ என்ற பெயரை நம்பவேண்டாம், ரோமானியத் தளபதி பாம்பேக்கும் அதற்கும் தொடர்பில்லை. பேரரசர் டயோக்ளீஷியனுக்காக கி.பி. 300-ஐ ஒட்டி நிறுத்தியது. மொத்த உயரம் கிட்டத்தட்ட 27 மீட்டர், அதில் 20 மீட்டருக்கு மேல் ஒரே அஸ்வான் கல். அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பாமல் மேட்டுக்கு அடியில் குடைந்த நடைவழிகளுக்கும் போங்கள். 391-ல் அழிக்கப்பட்ட கோவிலில் மிஞ்சியது அதுதான்.

மதியத்துக்குமேல் கைத்பே கோட்டை. 1477-க்கும் 1479-க்கும் இடையில் மம்லூக் சுல்தான் கைத்பே கலங்கரை விளக்கத்தின் இடத்திலேயே கட்டினார். மேல்தளத்துக்கு ஏறி ஊரைப் பார்த்தால் அதன் அமைப்பு விளங்கிவிடும். கலங்கரை விளக்கம் நின்ற ஃபாரோஸ் அன்று தனித்தீவு. ஏழு ஸ்டேடியா (கிரேக்க நீள அளவு) நீளமான ஒரு கரையைக் கட்டி அதை நிலத்தோடு இணைத்தார்கள். கரையின் இரு பக்கமும் மணல் சேர்ந்து சேர்ந்து, இன்று அதன்மேல் முழுத் தெருக்கள் நிற்கின்றன. இடையிலிருந்த துறைமுகம் கிழக்கு, மேற்கு என்று இரண்டானது அதனால்தான். கிழக்குத் துறைமுகத்தின் நீருக்கடியில் அரண்மனைப் பகுதி கிடக்கிறது. 2025-ல்கூட கலங்கரை விளக்கத்தின் பிரம்மாண்டமான வாசல் கற்கள் உட்பட 22 கற்களைக் கடலிலிருந்து தூக்கினார்கள். ஜனவரியில் புயலும் மழையும் வரும், அலை சாலைமீது தெறிக்கும். அப்படிப்பட்ட நாளில் கோட்டையையும் அருங்காட்சியகத்தையும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

சீட்டு வாங்கப் பல இடங்களில் வங்கி அட்டை மட்டுமே ஏற்கிறார்கள், வெளிநாட்டில் செல்லும் அட்டை ஒன்று கையில் இருக்கட்டும். டாக்சியில் ஏறுமுன் கட்டணம் பேசிவிடுங்கள்.

முசிறி பற்றி. நேரடியாகச் சுட்டிக்காட்ட அங்கே ஒரு பொருளும் இல்லை. முசிறியிலிருந்து சரக்கு ஏற்றிய ‘ஹெர்மபொல்லோன்’ கப்பலைச் சொல்லும் கி.பி. 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் (நாணல் தாள்) ஆவணம் வியன்னாவில் இருக்கிறது. தமிழ்ப் பிராமி எழுதிய பானை ஓடுகள் கிடைத்தது செங்கடல் கரையில், குசைர் அல்-கதீமிலும் பெரெனிகேயிலும். ஆனால் அந்தப் பாப்பிரஸ் சொல்லும் வழி அலெக்சாந்திரியாவில்தான் முடிகிறது. செங்கடலில் இறங்கிய சரக்கு ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து நைல் கரை ஊரான கோப்டோஸ் போகும், அங்கிருந்து நைல் படகில் அலெக்சாந்திரியாவுக்கு வரும். நான்கில் ஒரு பங்கு வரியாகப் பிடிக்கப்படும். நைல் படகுகள் கடல் துறைமுகத்துக்கு வருவதில்லை, ஊருக்குத் தெற்கே மரியூத் ஏரியில்தான் ஒதுங்கின. கடல் துறையைவிட ஏரித் துறையே செல்வம் மிக்கது என்று பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். பொன்னோடு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, திரும்பிய யவனர் கலங்களை அகநானூறு பாடுகிறதே, அந்தக் கறியின் மேற்குவாசல் இந்த ஏரிக்கரைதான். இன்று ஏரி சுருங்கிவிட்டது. இறங்கிப் பார்க்க ஏற்பாடு எதுவும் இல்லை. ஆனால் கெய்ரோ பாலைவனச் சாலையில் காரில் திரும்பினால் ஊர் எல்லையில் சாலை அந்த ஏரியைக் கடந்துதான் போகும். முசிறிக்காக ஆசைப்பட்டால் திரும்பும்போது மட்டும் ரயிலை விட்டுவிட்டு, பகல் வெளிச்சம் இருக்கும்போதே காரில் கிளம்புங்கள்.