விலை குறைந்த செயின்சாவின் சைலன்சரைத் திருத்தினால் சக்தி கூடுமா?

கூடும், ஆனால் புகை வெளியேறும் துளையைப் பெரிதாக்குவது பாதி வேலைதான். இவ்வகை இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் ஒலியைக் குறைப்பதற்காகச் சைலன்சரின் வாய் குறுகலாக வைக்கப்படுவதால், எரிந்த வாயு முழுமையாக வெளியேறாமல் சிலிண்டரில் தங்கி, புதிய காற்று-பெட்ரோல் கலவைக்கு இடமில்லாமல் செய்கிறது. வாயை அகலப்படுத்தியதும் காற்று கூடுதலாக நுழையும். பெட்ரோலோ அதே அளவுக்குக் கூடாது. உராய்வைக் குறைக்கும் எண்ணெயும் பெட்ரோலில் கலந்தே வருவதால், கலவையில் பெட்ரோல் குறைந்து அது மெலிந்தால் பிஸ்டன் சூடேறி, உரசி, இறுகிவிடும் என்பதுதான் என் பெரிய கவலை. ஆகவே கார்புரேட்டரில் முழு வேகத்துக்கான பெட்ரோல் அளவை மாற்றும் 'எச்' திருகைக் கடிகாரச் சுற்றுக்கு எதிராகச் சிறிது சிறிதாகத் திருப்பி, சுமையின்றி முழு வேகத்தில் ஓடும்போது ஒலி லேசாகத் தடுமாறவும், மரத்தை அறுக்கும்போது சீராகவும் இருக்கும்படி அமைக்க வேண்டும். தீப்பொறியைத் தடுக்கும் வலையைக் கட்டாயம் திரும்பப் பொருத்துங்கள். திருகைச் சரிசெய்யவே முடியாத மாடலாக இருந்தால், சைலன்சரைத் தொடாமல் சங்கிலியைக் கூர்தீட்டுவதே நல்லது. அறுக்கும் வேகம் அதிலேயே தெளிவாகக் கூடும்.