எஃப்ஓபி நோயாளிப் பதிவேட்டில் மகளின் பெயரைச் சேர்ப்பதால் அவளுக்கு என்ன கிடைக்கும்?

உண்மையைச் சொன்னால், உடனடியாக எதுவும் கிடைக்காது. ஆனாலும் சேருங்கள். என் அக்கா மகனுக்கும் இதே நோய்தான். அவனுக்காகப் படிவம் நிரப்புவது நான்.

மற்றவர்களுக்காக: எஃப்ஓபி என்பது தசையும் தசைநாரும் கொஞ்சம் கொஞ்சமாக எலும்பாக மாறும் மரபணு நோய். பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வந்தால் அதிகம். பல மருத்துவர்கள் ஒரு நோயாளியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்கான விலையை எங்கள் பையன் கொடுத்தான். மூன்று வயதில் முதுகில் கட்டி வந்ததும், புற்றுநோயோ என்று பயந்து ஒரு மருத்துவமனையில் சதையை வெட்டிச் சோதித்தார்கள். இந்த நோயில் கத்தி படவே கூடாது, வெட்டிய இடத்தில் புது எலும்பு வளரும். வளர்ந்தது. பிறந்ததிலிருந்தே அவனுடைய கால் பெருவிரல்கள் இரண்டும் குட்டையாக, உள்பக்கம் மடங்கி இருந்தன. நோயின் முதல் அடையாளமே அதுதான். அக்கா தினமும் சோப்புப் போட்டுக் கழுவிய விரல்கள்!

ஏன் சேர வேண்டும் என்கிறேன் என்றால், அமெரிக்காவில் ஜீனி பீப்பர் என்ற எஃப்ஓபி நோயாளி, தன் மருத்துவரிடம் பெயர்களை வாங்கி 18 பேருக்குக் கடிதம் போட்டார். 11 பேர் பதில் எழுதினார்கள். 1988இல் சர்வதேச எஃப்ஓபி சங்கம் அப்படித்தான் பிறந்தது. பல நாடுகளில் சிதறிக் கிடந்த குடும்பங்களைத் தேடிச் சேர்த்ததால்தான், 2006இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் கேப்லன், ஐலீன் ஷோர் குழுவால் இந்த நோய்க்குக் காரணமான, ஏசிவிஆர்1 என்ற மரபணுவில் உள்ள பிழையைக் கண்டுபிடிக்க முடிந்தது. இப்போதைய பதிவேட்டை 2015இல் தொடங்கியதும் அதே சங்கம்தான்.

இன்னொன்றும் பாருங்கள். இந்த நோய்க்கு 2023இல் அமெரிக்கா அனுமதித்த பாலோவரோட்டின் என்ற மருந்தின் பெரிய பரிசோதனையில் வெற்று மாத்திரை கொடுத்த குழுவே கிடையாது. மருந்தில்லாமல் மூன்று ஆண்டுகள் வரை கண்காணிக்கப்பட்ட நோயாளிகளின் விவரங்களோடுதான் ஒப்பிட்டார்கள். அது பதிவேடு அல்ல, தனி ஆய்வு. ஆனால் மருந்தில்லாமல் இந்த நோய் எப்படிப் போகும் என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது அதிலேயே புரிகிறது. (குழந்தைகளின் எலும்பு வளர்ச்சி சீக்கிரமே நின்றுவிடக்கூடும் என்பதால், பெண் குழந்தைகளுக்கு 8 வயதுக்கு மேல்தான் அங்கே அந்த மருந்து.)

அப்புறம், வீக்கம் வந்தால் மட்டும் பதிவேட்டில் எழுதிவிட்டு மற்ற நேரம் விட்டுவிடாதீர்கள். நானே முதல் வருடம் அப்படித்தான் விட்டேன். ஒன்றும் நடக்காத மாதங்களும் முக்கியம். இப்போது சமையலறை நாள்காட்டியில் அக்கா குறித்து வைக்கிறாள்: "வலது தோள் வீக்கம்", "தானே சட்டை போட்டான்". அதைப் பார்த்துத்தான் நான் நிரப்புகிறேன்.

ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நடத்தும் அரிய நோய்ப் பதிவேடு வேறு. அதில் மருத்துவமனை வழியாகத்தான் விவரம் ஏறும், உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சம்மதப் படிவத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மரபணு அறிக்கையும் பழைய எக்ஸ்ரேக்களும் பக்கத்தில் இருந்தால் முதல் படிவம் சுலபமாக முடியும். எந்தக் கேள்வியாவது புரியாவிட்டால் இங்கேயே கேளுங்கள், சொல்கிறேன்.