மிஸ்டரி ஷாப்பர் வேலை: சேரப் பணம் கேட்டால் விலகிவிடுங்கள்

கேள்வி: அலுவலக வேலை போக மாலையிலும் விடுமுறை நாட்களிலும் எனக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. வாடிக்கையாளர் போலக் கடைகளுக்குப் போய்ப் பார்த்துவிட்டு ரிப்போர்ட் கொடுத்தால் பணம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சென்ற வாரம் வாட்ஸ்அப்பில் ‘மிஸ்டரி ஷாப்பர் தேவை’ என்று ஒரு தகவலும் வந்தது. பதிவுக்கும் பயிற்சிக்கும் சேர்த்து ஒரு தொகை கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? இது உண்மையான வேலைதானா? முன் அனுபவம் இல்லாதவர் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: கட்ட வேண்டாம். வேலை உண்மையானது, உங்களுக்கு வந்த தகவல் அப்படித் தெரியவில்லை. வேலை தருகிற நிறுவனம் உங்களுக்குப் பணம் தரும், உங்களிடம் கேட்காது. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரப்படும் முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அதோடு பேச்சை நிறுத்திவிடுங்கள்.

இந்தத் தொழிலின் பெயரைச் சொல்லி நடக்கும் மோசடிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. காசோலை புழக்கத்தில் உள்ள நாடுகளில், பேசிய தொகையைவிடப் பெரிய காசோலை ஒன்று வீட்டுக்கு வரும். அதைக் கணக்கில் போட்டு, உங்கள் பங்கை எடுத்துக்கொண்டு, மீதிக்குக் கிஃப்ட் கார்டு வாங்கி அதன் எண்களை அனுப்பச் சொல்வார்கள். அல்லது பணப் பரிமாற்றச் சேவையைச் சோதிப்பதாகச் சொல்லி வேறொருவருக்கு அனுப்பச் சொல்வார்கள். காசோலைத் தொகை முதலில் கணக்கில் வந்ததாகவே காட்டும். அது போலி என்று தெரியவரச் சில வாரங்கள்கூட ஆகலாம். அதன்பின் வங்கி மொத்தத் தொகையையும் உங்களிடம்தான் கேட்கும். கார்டு எண்களில் இருந்த பணமோ போனது போனதுதான். அமெரிக்காவில் நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் பல ஆண்டுகளாக இதைக் குறிப்பிட்டு எச்சரித்துவருகிறது.

செல்பேசி வழியாக நடப்பது இன்னொரு வகை. சில ஹோட்டல்களுக்கோ பொருட்களுக்கோ ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி முதலில் சிறு தொகை அனுப்புவார்கள். நம்பிக்கை வந்ததும் அடுத்த ‘டாஸ்க்’ திறக்கப் பணம் போடச் சொல்வார்கள். ஏற்கெனவே ஏதாவது கட்டியிருந்தால் இன்றே உங்கள் வங்கிக்குத் தெரிவியுங்கள். அந்த உரையாடலை அழிக்காமல் வைத்து, சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பணம் திரும்பும் வாய்ப்பைக் குறைக்கும்.

உண்மையான வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பார்ப்போம். வங்கி, துணிக்கடை, உணவகம், கார் ஷோரூம் எனப் பல கிளைகள் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு, தலைமையகத்தில் வகுத்த நடைமுறை கிளையில் நடக்கிறதா என்பது தெரிய வேண்டும். அதற்காக ஒரு மிஸ்டரி ஷாப்பிங் நிறுவனத்திடம் பொறுப்பைக் கொடுக்கிறது. அந்த நிறுவனம் ஒவ்வொரு கிளைக்கும் உங்களைப் போன்ற ஒருவரை அனுப்புகிறது. எந்தக் கிளை, எந்த நாள், எந்த நேரத்துக்குள் போக வேண்டும், என்ன கேட்க வேண்டும், என்ன வாங்க வேண்டும் என்றெல்லாம் விரிவான குறிப்பு தருவார்கள். போய் வந்து ஆன்லைன் படிவத்தை நிரப்புவீர்கள். நிறுவனத்தின் எடிட்டர் அதைப் படித்துச் சந்தேகம் கேட்பார். அவர் ஏற்றுக்கொண்ட பிறகே பணம். நீங்கள் அவர்களுடைய ஊழியர் இல்லை, வேலைக்கு வேலை ஒப்பந்தக்காரர். மாதச் சம்பளம், விடுப்பு, அடுத்த மாதமும் வேலை வரும் என்ற உறுதி எதுவும் கிடையாது.

பலர் ஏமாற்றமடைவது இந்த இடத்தில்தான். கடைக்குப் போவது இந்த வேலையின் சிறிய பகுதி. நிறுவனம் விலை கொடுத்து வாங்குவது உங்கள் ரிப்போர்ட்டை. கவனித்ததை அப்படியே நினைவில் வைத்து, தெளிவாக, பிழை குறைவாக எழுத வருகிறவர்கள் இதில் நிலைக்கிறார்கள். எழுதுவதே சுமையாகத் தோன்றுகிறவருக்கு இந்த வருமானம் மதிப்பாகப் படாது. அவர் வேறு பகுதிநேர வேலை தேடுவதே நல்லது என்பது என் கருத்து.

பணக் கணக்கையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். வரும் தொகையில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, வாங்கச் சொன்ன பொருளுக்கு நீங்கள் செலவிட்டதைத் திருப்பித் தருவது. அதற்கும் உச்சவரம்பு இருக்கும். இன்னொன்று, உங்கள் உழைப்புக்கான கட்டணம். சில வேலைகளில் திருப்பித் தருவது மட்டுமே இருக்கும். உணவகத்தில் சாப்பிட்ட பில்லைத் தருவார்கள், அதற்குமேல் ஒன்றும் இராது. குடும்பச் செலவுக்கு உதவும் வருமானம் வேண்டுமென்றால் இவற்றை எண்ணிப் பார்த்து ஏற்றுக்கொள்ளுங்கள். குறிப்பைப் படிக்கக் கால் மணி நேரம், போய்வர முக்கால் மணி நேரம், கடையில் அரை மணி நேரம், ரிப்போர்ட் எழுத ஒரு மணி நேரம் என்றால் அது இரண்டரை மணி நேர வேலை. கட்டணத்திலிருந்து பயணச் செலவைக் கழித்து, மீதியை இந்த இரண்டரையால் வகுத்துப் பாருங்கள். கிடைக்கும் எண் உங்களுக்குச் சம்மதமா என்பதே கேள்வி. அலுவலகம் போகும் வழியில் உள்ள கிளை, ஒரே தெருவில் இரண்டு வேலை என்று அமைத்துக்கொண்டால் கணக்கு நன்றாக மாறும். யாரும் எடுக்காமல் கடைசி நாள் நெருங்கும் வேலைகளுக்கு, பணி ஒதுக்கும் ஷெட்யூலர் சில சமயம் போனஸ் சேர்ப்பார். மாதக் கடைசியில் பட்டியலைப் பாருங்கள். கூடுதல் தர முடியுமா என்று மரியாதையாகக் கேட்பதிலும் தவறில்லை.

பணம் உடனே கைக்கு வராது. ஒன்று இரண்டு மாதம் கழித்துத் தரும் நிறுவனங்களே அதிகம். நீங்கள் முன்னதாகச் செலவழித்த பணமும் அதுவரை வெளியில்தான் இருக்கும். தொடக்கத்தில் பொருள் வாங்கத் தேவையில்லாத வேலைகளையோ தொலைபேசியில் அழைத்து விசாரிக்கும் வேலைகளையோ எடுங்கள். கடன் அட்டையைத் தேய்த்து இந்தத் தொழிலைத் தொடங்கவே வேண்டாம்.

நம்பகமான நிறுவனங்களைக் கண்டுபிடிக்க மிஸ்டரி ஷாப்பிங் நிறுவனங்களின் சங்கமான எம்எஸ்பிஏவின் இணையதளம் நல்ல தொடக்கம். 1998இல் உருவான இந்தத் துறை அமைப்புக்கு அமெரிக்கக் கண்டங்கள், ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும், ஆசியா பசிபிக் எனப் பிரிவுகள் உண்டு. உறுப்பினர் நிறுவனங்களின் பட்டியலும் அங்கே இருக்கிறது. அங்கிருந்து நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்குப் போய் நீங்களாகவே விண்ணப்பியுங்கள். யாரோ அனுப்பிய இணைப்பைத் தட்டி உள்ளே போக வேண்டாம். புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயரையும் லோகோவையும் போட்டு ஏமாற்றுகிறவர்கள் நிறையப் பேர். பணம் கட்டி வாங்கும் சான்றிதழ் இருந்தால்தான் வேலை கிடைக்கும் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். சான்றிதழ் இல்லாமலே தொடங்கலாம்.

ஒரே நிறுவனத்தை நம்பினால் மாதத்துக்கு ஒன்றிரண்டு வேலைதான் வரும். ஒரே கிளைக்கு அதே ஆளைக் குறிப்பிட்ட காலத்துக்கு மறுபடி அனுப்ப மாட்டார்கள் என்பதும் ஒரு காரணம். ஐந்தாறு இடங்களில் பதிவு செய்யுங்கள். இதற்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் பெரும்பாலும் ஒரு சிறு பத்தி எழுதச் சொல்வார்கள். பலர் அதை அவசரமாக நிரப்பிவிடுகிறார்கள். உங்கள் எழுத்தை அவர்கள் எடைபோடுவது அதை வைத்துத்தான். வங்கிக் கணக்கு, அடையாள எண் போன்றவற்றை ஒப்பந்தத்தை முழுதும் படித்து, நிறுவனத்தை உறுதிசெய்த பிறகு, அவர்களுடைய தளத்தில் மட்டுமே கொடுங்கள். கடவுச்சொல்லும் ஓடிபியும் எந்த நிலையிலும் எவருக்கும் தேவைப்படாது.

முதல் வேலை கிடைத்ததும் குறிப்பை இரண்டு முறை படியுங்கள். படிவத்தின் கேள்விகளையும் முன்கூட்டியே படித்துவிடுங்கள். எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியாமல் போனால், திரும்பி வந்து யோசிக்கும்போது நினைவில் ஒன்றும் இராது. நீங்கள் ஏன் அந்தக் கடைக்கு வந்திருக்கிறீர்கள் என்பதற்கு எளிய கதை ஒன்று வேண்டும். அது உங்கள் வாழ்க்கைக்கு ஒட்டியதாக இருந்தால் தடுமாற மாட்டீர்கள். ஊழியர் பெயரைப் பெயர் அட்டையிலோ பில்லிலோ பாருங்கள். ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். எத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள் என்பதைக் குத்துமதிப்பாகச் சொல்லக் கூடாது. வரிசையில் நின்றபோது உங்களுக்கே ஒரு குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டால் நேரம் பதிவாகிவிடும். பார்ப்பவருக்கும் சந்தேகம் வராது. வெளியே வந்ததும், கடையின் கண்ணில் படாத இடத்தில், முக்கியமானவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பில்லைப் படம் எடுத்துவிடுங்கள். பில் தொலைந்தால் கட்டணமும் செலவுத் தொகையும் சேர்ந்தே போகக்கூடும். நேரம் தவறிப் போவது, வேறு கிளைக்குப் போவது, சொன்ன பொருளை வாங்காமல் வேறொன்றை வாங்குவது இவையும் ரிப்போர்ட் நிராகரிக்கப்படுவதற்கு வழக்கமான காரணங்கள்.

ஒலி, ஒளிப்பதிவு கேட்கும் வேலைகளுக்குக் கட்டணம் அதிகம். ஆனால் ஒருவருக்குத் தெரியாமல் பதிவு செய்வது குறித்த சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். உங்கள் இடத்துச் சட்டம் தெளிவாகத் தெரியும்வரை அவற்றைத் தொடாதீர்கள்.

ரிப்போர்ட்டை அன்றே எழுதுங்கள். பல நிறுவனங்கள் 24 மணி நேரத்துக்குள், சில அதற்கும் முன்னதாகக் கேட்கும். கண்டது, கேட்டது மட்டும் அதில் இருக்க வேண்டும். ‘ஊழியர் அலட்சியமாக நடந்துகொண்டார்’ என்பது உங்கள் முடிவு. ‘நான் கவுன்டர் முன் நின்றபோது அவர் செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார், இரண்டு நிமிடம் கழித்து நிமிர்ந்து, என்ன வேண்டும் என்று கேட்டார், வணக்கம் சொல்லவில்லை’ என்பது தகவல். எடிட்டருக்கு வேண்டியது இரண்டாவது. வரவேற்பு இருந்ததா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று குறித்துவிட்டு, கீழே விளக்கத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை என்று எழுதினால் ரிப்போர்ட் திரும்பி வரும்.

நீங்கள் எழுதும் ரிப்போர்ட்டில் உழைத்துப் பிழைக்கும் ஒருவரின் பெயர் இருக்கும். அவருடைய ஊக்கத்தொகையோ மேலாளரின் கண்டிப்போ அதைப் பொறுத்து அமையலாம். ஆகவே நினைவில்லாததை ஊகித்து நிரப்பாதீர்கள். கவனிக்கத் தவறிவிட்டேன் என்று எடிட்டரிடம் சொல்லிவிடுங்கள். நல்ல சேவை கிடைத்திருந்தால் அதையும் அதே நுணுக்கத்தோடு எழுதுங்கள். குறை கண்டுபிடித்தால்தான் மதிப்பு என்று நினைப்பவர்களின் ரிப்போர்ட்டை என்னால் மதிக்க முடியவில்லை. உறவினரோ நண்பரோ வேலை செய்யும் கிளையை ஏற்கவே கூடாது. எந்த நிறுவனத்துக்காகப் போனீர்கள் என்பதைச் சமூக ஊடகத்திலோ நண்பர்களிடமோ சொல்வது ஒப்பந்த மீறல்.

ஏற்ற வேலைக்குப் போக முடியாமல் போனால் முன்கூட்டியே ஷெட்யூலருக்குத் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்டால் நிறுவனம் உங்களுக்குத் தரும் மதிப்பெண் இறங்கும். அதன்பின் நல்ல வேலைகள் உங்களைத் தேடி வராது. தொடக்கத்தில் வாரத்துக்கு ஒன்று போதும்.

நீங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர் என்பதால் இன்னொன்று. வெளிவேலை செய்யக் கூடாது என்று உங்கள் பணி ஒப்பந்தத்தில் விதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உங்கள் நிறுவனத்தோடு போட்டியிடும் தொழில்களின் வேலையையும் தவிர்த்துவிடுங்கள். வரும் கட்டணம் வருமானம்தான், வரிக் கணக்கில் காட்ட வேண்டியது. தேதி, கிளை, கட்டணம், செலவு, பணம் வந்த நாள் என்று ஒரு எக்செல் தாளில் முதல் வேலையிலிருந்தே குறித்துவையுங்கள். பாக்கி வராத நிறுவனத்துக்கு நினைவூட்டவும் அந்தத் தாள்தான் உதவும்.