கீச்சிடும் பிரேக்: டிஸ்க்கை மாற்றுவதற்கு முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன்னால் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 46,000 கி.மீ. ஓடியிருக்கிறது. முன்சக்கரங்களில் நாலு பிஸ்டன் காலிபர் (பேடை டிஸ்க்கின் மேல் அழுத்திப் பிடிக்கும் பாகம்). சிக்னலை நெருங்கி மெதுவாகப் பிரேக்கைத் தொட்டால் காது கூசுகிற மாதிரி கீச்சிடுகிறது. பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். வேகத்தில் அழுத்திப் பிடித்தால் சத்தமே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். நாலு சக்கரத்துக்கும் டிஸ்க், பேடு, கூடவே பிரேக் ஆயில் எல்லாம் மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இவ்வளவும் தேவையா? அதுவரை காரை ஓட்டலாமா?

பதில்: அந்த எஸ்டிமேட்டுக்கு இப்போதைக்குச் சம்மதம் சொல்லாதீர்கள். அதில் பேடு (டிஸ்க்கில் உரசி வண்டியை நிறுத்தும் கட்டை) எத்தனை மி.மீ. மிச்சம், டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டு) எத்தனை மி.மீ. தடிமன் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அந்த எண்கள் இல்லையென்றால் யாரும் அளக்கவில்லை என்றுதான் அர்த்தம். அளக்காமல் நாலு டிஸ்க்கை மாற்றச் சொல்வதை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

ஓட்டலாமா என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கீச்சு மட்டும் கேட்டு, பெடல் எப்போதும் போலக் கெட்டியாக இருந்து, கார் நேராக நின்றால், அளந்து பார்க்கும் வரை நிதானமாக ஓட்டலாம். கரகரவென்று இரும்போடு இரும்பு உரசும் சத்தம் கேட்டாலோ, பெடல் பஞ்சு மாதிரி இறங்கினாலோ, பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, டாஷ்போர்டில் பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ ஓட்டக் கூடாது. அந்த இடத்திலேயே நிறுத்தி, வண்டியை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

இனி சத்தத்துக்கு வருவோம். வயலின் வில் தந்தியைப் பிடித்துப் பிடித்து விடுவதால்தான் நாதம் வருகிறது. பேடும் டிஸ்க்கும் அதையேதான் செய்கின்றன. பேடு டிஸ்க்கைப் பற்றுகிறது, நழுவுகிறது, மறுபடி பற்றுகிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை. அந்த அதிர்வில் டிஸ்க் மணி போல ஒலிக்கிறது. மெதுவாகத் தொடும்போது பேடை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தம் குறைவு, அதனால் அது சுலபமாக ஆடும். நீங்கள் அழுத்தியதும் சத்தம் அடங்குவது அதனால்தான். ஸ்போர்ட்ஸ் காரில் டிஸ்க் பெரிது. பேடு கடினமானது, உலோகம் அதிகம் கலந்தது. சூட்டில் விரியவும் எளிதாக நகரவும் இடம் வேண்டும் என்பதால் காலிபருக்குள் பேடு சற்றுத் தளர்வாகத்தான் உட்கார்ந்திருக்கும். சத்தத்தை மறைக்க மூடிய சக்கரமும் இல்லை. வீட்டுக் காரில் வராத கீச்சு இதில் வருவதற்கு இத்தனை காரணம் இருக்கிறது.

பேடு தேய்ந்து போனதை அறிவிக்கும் சத்தம் இதிலிருந்து வேறு. சில பேடுகளின் ஓரத்தில் ஒரு சின்ன இரும்புத் தகடு இருக்கும். பேடு 2, 3 மி.மீ. அளவுக்கு வந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும். பெரும்பாலும் பிரேக்கைத் தொடாமல் ஓடும்போதே கேட்கும், பெடலை மிதித்தால் மாறும் அல்லது நிற்கும். உங்கள் சத்தம் நேர்மாறாக இருக்கிறது. அதனால் பேடு தீர்ந்துவிட்டது என்ற முடிவுக்கு நான் அவசரப்பட மாட்டேன். ஆனால் பல ஸ்போர்ட்ஸ் கார்களில் அந்தத் தகடே கிடையாது. ஒயர் வைத்த சென்சார்தான் இருக்கும், அதையும் எல்லாச் சக்கரத்திலும் வைப்பதில்லை. ஆகவே கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

சக்கரக் கம்பிகளுக்கு நடுவே செல்போன் விளக்கை அடித்தால் வெளிப்பக்கத்துப் பேடு தெரியும். உள்பக்கத்துப் பேடு தெரியாது, அதுவோ சில சமயம் வேகமாகத் தேயும். சக்கரத்தைக் கழற்றி இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். புதிய பேடில் உராயும் பகுதி 10 முதல் 12 மி.மீ. வரை இருக்கும். 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடலாம். 6, 7 மி.மீ. இருக்கிற பேடைச் சத்தத்துக்காகக் குப்பையில் போட வேண்டாம்.

டிஸ்க்கை அளப்பதில்தான் தவறு நடக்கிறது. டிஸ்க்கின் நடுக்கிண்ணத்திலோ விளிம்பிலோ குறைந்தபட்ச தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். புதியதற்கும் அதற்கும் வித்தியாசம் பெரும்பாலும் 2 மி.மீ. அளவுதான். பேடு தொடாத வெளி விளிம்பு தேயாமல், துருவோடு ஒரு வரப்பு மாதிரி நின்றிருக்கும். வெர்னியரை நேராகப் போட்டால் அதன் தாடை அந்த வரப்பின் மேல் உட்கார்ந்து, தேய்ந்த டிஸ்க்கைத் தடியானதாகக் காட்டும். உராயும் பகுதியிலேயே மைக்ரோமீட்டரை வைத்து, சுற்றிலும் நாலைந்து இடத்தில் அளக்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அளவு சரியாக இருந்து, ஆழமான கோடும் வெடிப்பும் இல்லையென்றால் டிஸ்க் அப்படியே இருக்கட்டும்.

அளவு சரி, சத்தம் மட்டும் இருக்கிறது என்றால் செய்ய வேண்டியது சுத்தம் செய்யும் வேலை. பேடைக் கழற்றி, காலிபரில் அது உட்காரும் இடங்களையும் அதைத் தாங்கும் பின்களையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை எடுக்க வேண்டும். பேடு கையால் தள்ளினால் தடையில்லாமல் வழுக்கிப் போக வேண்டும். பேடின் முதுகில் ஷிம் என்கிற மெல்லிய தகடு இருக்கிறதா, அதன் ரப்பர் படலம் உரிந்துவிட்டதா என்று பாருங்கள். அதிர்வை விழுங்குவதுதான் அதன் வேலை. சூடு தாங்கும் பிரேக் கிரீஸை முதுகில் பிஸ்டன் தொடும் இடத்திலும் பேடின் காதுகளிலும் (காலிபரில் உட்காரும் முனைகள்) மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும். ஷிம்மிலேயே ஒட்டும் படலம் இருந்தால் அங்கே கிரீஸ் வேண்டாம். சாதாரண கிரீஸ் கூடவே கூடாது, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பரை ஊதி உப்ப வைத்துவிடும்.

பேடின் முகத்தையும் பாருங்கள். சொரசொரப்பாக, மங்கலாக இருந்தால் நல்லது. கண்ணாடி மாதிரி மினுங்கினால் சூட்டில் இறுகி மெருகு ஏறியிருக்கிறது. உப்புத்தாளைச் சமமான பலகையில் வைத்து அதன் மேல் பேடை எட்டுப் போடுவது போலத் தேய்த்தால் அந்த மெருகு போகும். முகமூடி போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். பிரேக் தூசியைக் காற்று அடித்து ஊதக் கூடாது, பிரேக் கிளீனரால் கழுவ வேண்டும்.

இதை இவ்வளவு விரிவாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன்னால் இதே சத்தத்துக்காக நானும் இரண்டு டிஸ்க்கும் ஒரு செட் பேடும் மாற்றினேன். ஒன்பதாவது நாள் கீச்சு திரும்பி வந்தது. வேறொரு மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, பேடின் முதுகைத் தொட்டுக் காட்டினார். வெறும் இரும்பு. பழைய பேடோடு ஷிம்களையும் தூக்கி எறிந்திருக்கிறார்கள். புது ஷிம் போட்டு, துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவ ஒரு மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு அந்தக் காரை விற்கும் வரை சத்தம் வரவில்லை. அநாவசியமாக மாற்றிய அந்த டிஸ்க்குகளை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

வேலை முடிந்ததும் பேடை டிஸ்க்கோடு பழக்க வேண்டும். பேடிலிருந்து ஒரு மெல்லிய படலம் டிஸ்க் முழுக்கச் சமமாகப் பதிவதற்காக இது. யாரும் இல்லாத, சட்டம் அனுமதிக்கிற நேர்ச்சாலையில் 100 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை அழுத்தமாகக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல் மறுபடி வேகமெடுத்து, எட்டுப் பத்து முறை செய்யுங்கள். பிறகு கூடுமானவரை பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு நிறுத்திப் பெடலை மிதித்தபடி இருந்தால் அந்த ஒரு இடத்தில் மட்டும் திட்டாகப் பதிந்துவிடும். பேடு பெட்டியில் வேறு முறை அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

பிரேக் ஆயிலை மாற்றுவதால் கீச்சு குறையாது. இரண்டும் வேறு விஷயம். ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்தக் கணக்கு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். வேகமாக ஓட்டும் காருக்கு இது பெரிய விஷயம். இரண்டு வருடம் ஆகியிருந்தால், அல்லது முன்னால் வைத்திருந்தவர் எப்போது மாற்றினார் என்று தெரியாவிட்டால், மாற்றிவிடுங்கள். சத்தத்துக்கான மருந்து என்று நினைத்து மட்டும் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பேடு மாற்றும் கட்டம் வந்துவிட்டது. கடையில் ரேஸ் டிராக் பேடு போட்டால் பிரேக் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்கிறார்கள். தினமும் வேலைக்கும் இதே காரில்தான் போகிறேன். போடலாமா?

பதில்: வேண்டாம். டிராக் பேடு நல்ல சூட்டில் வேலை செய்வதற்காகச் செய்யப்பட்டது. காலையில் வீட்டிலிருந்து கிளம்பி முதல் திருப்பத்தில் மிதிக்கும்போது அது ஆறிக் கிடக்கும், சாதாரண பேடு அளவுக்குக்கூடப் பிடிக்காது. டிஸ்க்கை வேகமாகத் தின்னும், சத்தமும் அதிகம். சத்தம் போக வேண்டும் என்று கடைக்குப் போய் அதைவிடச் சத்தமான பேடை வாங்கி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

தினசரி ஓட்டத்துக்குக் கார் கம்பெனி கொடுத்த பேடு, இல்லையென்றால் அதற்கு இணையான செராமிக் கலவை. செராமிக்கில் சத்தமும் தூசியும் குறைவு. வருடத்துக்கு இரண்டு நாள் டிராக்கில் ஓட்டுவீர்கள் என்றால் அதற்குத் தனி செட் வைத்துக்கொண்டு அன்றைக்கு மட்டும் மாற்றுவது நல்லது.

வாங்கும்போது பேடின் முதுகையும் ஓரத்தையும் படித்துப் பாருங்கள். ஆர்90 என்ற ஐரோப்பிய அங்கீகார முத்திரை இருந்தால், அந்தக் காரின் அசல் பேடோடு ஒப்பிட்டுச் சோதித்து, பிடிப்பு 15 சதவீத வித்தியாசத்துக்குள் இருக்கிறது என்று பொருள். சில பேடுகளின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதல் எழுத்து ஆறியிருக்கும்போது உள்ள பிடிப்பு, இரண்டாவது சூட்டில் உள்ள பிடிப்பு. ‘எஃப்’ என்றால் உராய்வு எண் 0.35-லிருந்து 0.45 வரை, ‘ஜி’ என்றால் 0.45-லிருந்து 0.55 வரை. அதைத் தரத்துக்கான மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள்; பிடிப்பை மட்டும்தான் சொல்கிறது. ஒரு பக்கத்துக்கு மட்டும் வாங்காதீர்கள், முன்பக்கம் என்றால் இடதும் வலதும் சேர்த்து. பெட்டிக்குள் ஷிம், பின், கிளிப் இருக்கின்றனவா என்று பணம் கொடுப்பதற்கு முன் திறந்து பாருங்கள்.

கேள்வி: புதிய கார், கார்பன் செராமிக் பிரேக் (இரும்புக்குப் பதில் கார்பன் இழை கலந்த செராமிக் டிஸ்க்). ஆறு மாதத்தில் கீச்சு ஆரம்பித்துவிட்டது. ஷோரூமில் ‘இந்த வகை பிரேக் இப்படித்தான்’ என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

பதில்: அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. 2001-இல் போர்ஷே 911 ஜிடி2-வில் வந்த காலத்திலிருந்தே இந்த வகை டிஸ்க், ஆறியிருக்கும்போதும் ஈரமாக இருக்கும்போதும் கீச்சிடுவது தெரிந்த விஷயம்தான். நாலைந்து முறை அழுத்திப் பிடித்துச் சூடேறியதும் நின்றால் அதைக் குறை என்று வாதாட முடியாது. சூடேறிய பிறகும் தொடர்ந்தால் விடாதீர்கள். சர்வீஸ் ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டிக் காட்டுங்கள். எந்த வேகம், ஆறியா சூடாகவா, முன்னால் போகும்போதா ரிவர்ஸிலா என்பதை ஜாப் கார்டில் எழுத வைத்து ஒரு நகல் வாங்குங்கள். இதே சத்தத்துக்குக் கம்பெனி திருத்திய பேடோ ஷிம்மோ வெளியிட்டிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பேடு தேய்வதற்கு வாரண்டி கிடைக்காது, அது தேய்மானப் பொருள். ஆனால் உங்கள் புகார் தேய்வைப் பற்றியது அல்ல. வாரண்டி முடிவதற்குள் புகார் எழுத்தில் பதிவாகியிருப்பது முக்கியம்.

இன்னொன்று: அந்த டிஸ்க்கை லேத்தில் கொடுத்துச் சீவலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். சக்கரம் கழற்றும்போது அதன் ஓரத்தில் இடித்தால்கூடச் சில்லு பெயரும். வழிகாட்டும் கம்பியை மாட்டித்தான் கழற்ற வேண்டும், மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கேள்வி: காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்கு மட்டும் சத்தம் வருகிறது.

பதில்: இரவு ஈரத்தில் டிஸ்க்கின் மேல் படிந்த துரு. பேடு அதை வழித்துவிடுகிறது. செலவு எதுவும் செய்ய வேண்டாம்.

கேள்வி: நண்பர் சொன்னார் என்று டிஸ்க்கில் துரு நீக்கும் ஸ்பிரே அடித்துவிட்டேன். சத்தம் நின்றுவிட்டது. தொடர்ந்து அடிக்கலாமா?

பதில்: தயவுசெய்து அந்தக் காரை இப்போது எடுக்காதீர்கள். நின்றது சத்தம் மட்டும் அல்ல, பிடிப்பும்தான். அந்த ஸ்பிரேயில் எண்ணெய் இருக்கிறது. பேடு நுண்துளைகள் உள்ள பொருள், எண்ணெய் உள்ளே இறங்கினால் கழுவி எடுக்க முடியாது. மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லி, ஸ்பிரே பட்ட பேடுகளை ஜோடியாக மாற்றுங்கள். டிஸ்க்கின் இரண்டு முகத்தையும் பிரேக் கிளீனரால் சுத்தமான துணியில் கறை வராத வரை துடைக்கச் சொல்லுங்கள். புது பேடு போட்ட பிறகு, வாசலிலேயே நடை வேகத்தில் நாலு முறை பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் தெருவுக்கு எடுக்க வேண்டும்.