பேசிக் எவ்வளவுன்னு முதல்ல கேளு, தம்பி

நெல்லிக்குப்பத்துல இருந்து கேட்டிருக்க. ஐடிஐ முடிச்சு, மஞ்சக்குப்பத்துல ஒரு ஏசி கடையில ரெண்டு வருஷம் வேலை. துபாயில 1,500 திர்ஹாம்னு ஆஃபர், ஏஜென்ட் 1,20,000 ரூபா கேக்குறார். வரலாமா, ரூம் சாப்பாடு எப்படி, என்ன டூல்ஸ் எடுத்துக்கிட்டு வரணும்? ரூமும் சாப்பாடும் ஒரு மாசத்துல பழகிடும், விடு.

1,20,000 எதுக்கு? பதிவு பெற்ற ஏஜென்ட் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். விசா செலவு இங்க அமீரகத்துல சட்டப்படி கம்பெனி தலையில. மிச்சப் பணம் எங்க போகுதுன்னு அவரையே கேளு. நான் கேக்கல. 2011 மார்ச்ல 85,000 கொடுத்தேன். காடாம்புலியூர் பக்கம் அப்பாவோட முந்திரிக்கொல்லையை அடமானம் வெச்ச காசு, நூத்துக்கு மூணு வட்டி.

அடுத்தது அந்த 1,500. அதுல பேசிக், அதாவது அலவன்ஸ் சேக்காத அடிப்படைச் சம்பளம், எவ்வளவு? ஓவர்டைமும், வேலையை விட்டுப் போகும்போது தர்ற கிராஜுவிட்டியும் பேசிக்கை வெச்சுதான் கணக்கு. கிராஜுவிட்டி முதல் அஞ்சு வருஷத்துக்கு, வருஷத்துக்கு 21 நாள் பேசிக். எனக்கு 1,200-ன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்க, பேசிக் பாத்தா 600. இப்ப ஆஃபர் லெட்டர் தமிழ்லயே கிடைக்குது, கேட்டு வாங்கிப் படிச்சுட்டு கையெழுத்துப் போடு. நான் படிக்கவே தெரியாத தாள்ல போட்டேன்.

வேலை தெரியும்னு எழுதியிருக்க பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நானும் அப்படித்தான் வந்தேன். பைப்ல இருக்கிற காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்குற வேக்குவம் பம்ப்பை ஊர்ல யார் தூக்கிக்கிட்டு மாடி ஏறுவா? கொஞ்சம் கேஸை விட்டு பைப்ல இருக்கிற காத்தைத் தள்ளிட்டு நட்டை முடுக்கிடுவோம். ஷார்ஜாவுல ஒரு வில்லாவுல 410ஏ கேஸ்ல ஓடுற ஏசிக்கும் அதையே பண்ணேன். அதோட கம்ப்ரஸர் ஆயில் ஈரத்தை இழுத்துக்கும், ஈரம் ஆசிடா மாறி மோட்டார் வைண்டிங்கைத் தின்னுடும். ஆறே வாரத்துல கம்ப்ரஸர் போச்சு. போதாததுக்கு, கேஸ் சிலிண்டரைக் கவுத்து லிக்விடா ஏத்தணும்னுகூடத் தெரியாம நிமித்தி வெச்சே ஏத்தியிருக்கேன். ரெண்டு மாசச் சம்பளத்துல பிடிச்சாங்க. பிடிக்கலாமான்னு கேக்க எனக்கு வாயும் இல்ல, ஹிந்தியும் இல்ல.

அப்புறம் அஞ்சு மாசம் ஹெல்பர். உஸ்தாத், அதான் வேலை கத்துக்கொடுத்த மேஸ்திரி, பெஷாவர்க்காரர். திட்ட மாட்டார், பம்ப்பை ஓடவிட்டு நிறுத்திட்டு, கேஜ் பக்கத்துல என்னை உக்கார வெச்சுட்டு டீ குடிக்கப் போயிடுவார். முள் ஏறுதா பாரு, ஏறினா லீக்கோ ஈரமோ இருக்கு, அவ்வளவுதான் பாடம். ஜூலை வெயில்ல மொட்டை மாடியில அந்த முள்ளைப் பாத்துக்கிட்டேதான் ஹிந்தி கத்துக்கிட்டேன். ஜூன் 15-லிருந்து செப்டம்பர் 15 வரை பகல் 12:30-லிருந்து 3 மணி வரை வெயில்ல வேலை வாங்கக் கூடாது. அவசர வேலைன்னு சொல்லி ஏத்துவாங்க, யோசிச்சு ஏறு. இன்னிக்கு என்கிட்ட நாலு பசங்க வேலை பாக்குறாங்க, வேக்குவம் போடாம ஒருத்தன் வால்வைத் தொட முடியாது.

நம்மாளுங்களைப் பத்தி ஒண்ணு. துபாய் சோனாப்பூர் லேபர் கேம்ப்ல என் ரூம்ல எட்டுப் பேர். ஊருக்குப் போன் பேசும்போது எட்டுப் பேரும் சூப்பர்வைசர். அந்தப் பேச்சை நம்பித்தான் அடுத்தவன் கடன் வாங்கிட்டு ஏறி வர்றான். வேற கம்பெனியில ஆள் எடுக்குறாங்கன்னா மலையாளி ரூம்ல அன்னிக்கே தெரிஞ்சிடும். நம்ம ரூம்ல, போறவன் பெட்டி கட்டும்போதுதான் தெரியும்.

நான் வந்த 2011 கடைசியில, டிசம்பர் 30, நம்ம கடலூர்ப் பக்கம் தானே புயல். விடியக்காலையில கரையைக் கடந்துச்சுன்னு ரூம் டிவியில பாத்தேன். மூணு நாள் ஒரு போனும் போகல. நாலாம் நாள் அப்பா யாரோ ஒருத்தர் போன்ல பேசினார். ஓடு போச்சு, ஆளுங்களுக்கு ஒண்ணுமில்லன்னார். கொல்லைன்னு கேட்டேன். "ஒரு மரம் நிக்கலடா, வேரோட படுத்துடுச்சு"ன்னார். முந்திரி வித்து வட்டி கட்டிக்கலாம்னு போட்ட கணக்கு அதோட போச்சு. கம்பெனி பிடிக்கலன்னா ஒரு வருஷத்துல திரும்பிடலாம்னு நெனச்சு வந்தவன், அசலை அடைக்கவே நாலு வருஷம் ஆச்சு. புதுசா வெச்ச கன்னு காய்ச்சதை 2016-ல லீவுல வந்தப்பதான் பாத்தேன்.

டூல்ஸ் கேட்டல்ல? ஒண்ணும் தூக்கிட்டு வராத, கம்பெனி கொடுக்கும். கையில பழகின கிளாம்ப் மீட்டர், வயரைக் கவ்வி கரண்ட் பாக்குறது, இருந்தா அதை மட்டும் வெச்சுக்க.