துலா மிதிக்க எத்தனை பேர்?

அன்புள்ள ஐயா,

மின்சாரம், பெட்ரோல், கடை எல்லாம் ஒருநாள் நின்றுபோனால் என்ன செய்வது என்று நண்பர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒத்த மனமுள்ள பத்துக் குடும்பங்களாக மலையடிவாரத்தில் நிலம் வாங்க யோசனை. எவ்வளவு அரிசி சேர்க்க வேண்டும், ஆட்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? எனக்கு இரண்டு வயது மகள் இருக்கிறாள். யாழ்ப்பாணத்தில் தடைக்காலத்தைப் பார்த்தவர் என்பதால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மகளை நினைத்துத் தூக்கம் வராமல் எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. அரிசிக் கணக்கை மளிகைக்கடையில் கேளுங்கள். ஆனால் அந்த ‘ஒத்த மனம்’ இருக்கிறதே, அதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. பத்துக் குடும்பமும் ஒரே மனமாக இருக்க அது என்ன, கல்யாண ஆல்பமா?

1990 ஜூனில் ராணுவத்துக்கும் புலிகளுக்கும் மறுபடி சண்டை தொடங்கியதும் எங்களுக்கு மின்சாரம் போனது. பெட்ரோல், பேட்டரி, சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் தடை. ஜாம் போத்தல் விளக்கில் படித்ததை, காருக்குக் குழந்தையின் சூப்பிப் போத்தலால் பெட்ரோல் சொட்டுவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டியதை எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் கிணற்றைச் சொல்கிறேன்.

எங்களுடையது பங்குக்கிணறு. யாருக்கு எத்தனை பங்கு என்று காணிப் பத்திரமான உறுதியிலேயே எழுதியிருக்கும். எண்ணெய் இல்லாமல் இறைப்பு மெசின் நின்றதும் பழைய துலாவை, அதாவது ஏற்றத்தை, மறுபடி பூட்டினார்கள். துலாவுக்கு மூன்று பேர் வேண்டும்: மேலே நடந்து மிதிக்க ஒருவர், கீழே தண்ணீர் அள்ளும் பட்டையைப் பிடித்து ஊற்ற ஒருவர், பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற்றிவிட ஒருவர். அப்பாவும் பெரியப்பாவும் வேலிக் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்ட விவகாரத்தில் ஆறு வருடமாகப் பேச்சில்லை. பெரியப்பா மேலே, அப்பா கீழே, தண்ணீர் மாற்றப் பத்து வயது நான்.

“கொப்பரிட்டைச் சொல்லு, கயிறு தேஞ்சு போச்சு” என்பார் பெரியப்பா மேலேயிருந்து. கொப்பர் என்றால் உன் அப்பா. அப்பா நாலடி தள்ளித்தான் நிற்பார். நான் பாத்தியை விட்டு ஓடிவந்து சொல்ல வேண்டும். கீழே நிற்பவர் கை பிசகினால் மேலே நடப்பவர் தலைகுப்புற விழவேண்டியதுதான். ஒருநாளும் பிசகியதில்லை, சமாதானமும் ஆகவில்லை. யார் முறை எப்போது என்பது மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். முறையைக் களவெடுத்தால் ஊரைக் கூட்டிக் கத்த அப்பாச்சி இருந்தார். உங்கள் பத்துக் குடும்பத்தில் கத்துவதற்கு யார் இருக்கிறார்கள்? உங்களுக்குப் பிடிக்காத ஒருவராவது இருக்கிறாரா? முதலில் அதைப் பாருங்கள் ஐயா, அப்புறம் நிலம் வாங்கலாம்.

ராணுவம் நெருங்கியதும், 1995 அக்டோபர் 30 இரவு, எங்கள் வலிகாமப் பகுதியே கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தது. லட்சக்கணக்கான சனம், மழை வேறு, நாவற்குழிப் பாலத்தடியில் காலைத் தூக்கி வைக்க இடமில்லை. அப்பாவின் சைக்கிளில் அரிசி மூட்டையும், எதற்கென்று தெரியாமல், துலாக்கயிறும். பக்கத்தில் நனைந்துகொண்டு பெரியப்பா. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: “கொப்பரிட்டைச் சொல்லு, செயின் கழண்டு கிடக்கு.”

அப்பா குனிந்து செயினை மாட்டினார். மூட்டை சரியாமல் சைக்கிளைப் பெரியப்பா பிடித்துக்கொண்டார்.