செகண்ட் அப்பீல்: எது சங்கதி, எது சட்டம்?

கேள்வி: நில வழக்கில் முன்சீப் கோர்ட், சப் கோர்ட் இரண்டிலும் தோற்றுவிட்டோம். எதிர்த்தரப்பு சாட்சி பொய் சொன்னார் என்று ஹைகோர்ட்டில் வாதாடலாமா, சார்?

பதில்: அது மட்டும் என்றால் நிற்காது. யார் சொன்னதை நம்புவது என்பது சங்கதி, அதாவது என்ன நடந்தது என்ற விஷயம். உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 100வது பிரிவு, 1976 திருத்தத்துக்குப் பிறகு, முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் ஹைகோர்ட்டில் செய்யும் இரண்டாம் மேல்முறையீட்டுக்கு, அதாவது செகண்ட் அப்பீலுக்கு, இடம் தருகிறது. சாட்சியத்தை வரி வரியாக அலச வேண்டிய இடம் முதல் அப்பீல். அதை அசட்டையாக நடத்திவிட்டு ஹைகோர்ட்டை நம்பி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

கேள்வி: இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

பதில்: கீழ்க்கோர்ட் முடிவு செய்த சங்கதிகளை எல்லாம் அப்படியே ஒப்புக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் தீர்ப்பு தப்பு என்று சொல்ல முடிந்தால், உங்கள் கையில் சட்டக் கேள்வி இருக்கிறது. உயிலில் இருப்பது அப்பாவின் கையெழுத்தா என்பது சங்கதி. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் உயிரோடு, கோர்ட்டுக்கு வரக்கூடிய நிலையில் இருந்தும், அப்படி ஒருவரைக்கூட விசாரிக்காமல் உயில் நிரூபணமானது என்று தீர்த்தால், அது சட்டப் பிழை. உயில் பதிவானது என்பதால் இந்த விதி தளராது.

கேள்வி: எங்கள் பத்திரம் கிரயம் என்கிறார்கள். தாத்தா அடமானமாகத்தான் கொடுத்தார். இது எதில் சேரும், ஐயா?

பதில்: கையெழுத்துப் போட்டாரா, பணம் கைமாறியதா என்பது சங்கதி. பத்திர வாசகத்தின் சட்ட விளைவு என்ன என்பது சட்டம். உங்கள் வழக்கில் முதலில் பார்க்க வேண்டியது, பணத்தைத் திருப்பிக் கட்டினால் நிலத்தைத் திருப்பி எழுதிக் கொடுக்கும் நிபந்தனை எங்கே இருக்கிறது என்பதை. சொத்து மாற்றச் சட்டம் 58(சி) படி அது கிரயப் பத்திரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். தனிப் பத்திரத்தில் எழுதியிருந்தால் நிபந்தனைக் கிரய அடமானம், அதாவது கிரயம் போல எழுதிய அடமானம், என்று வாதாட முடியாது. உள்ளே இருந்தாலும் அதனாலேயே அடமானம் ஆகிவிடாது. முழு வாசகத்தையும் சேர்த்துப் படித்துத்தான் கோர்ட் முடிவு செய்யும்.

கேள்வி: பக்கத்து நிலத்தை 15 வருஷமாக நாங்கள்தான் உழுகிறோம். அது எங்களுக்குச் சொந்தமாகுமா?

பதில்: உழுதது சங்கதி. அது உரிமையாளருக்கு எதிரான அனுபோகம், அதாவது அவர் உரிமையை மறுத்து நிலத்தை வைத்திருப்பது, ஆகுமா என்பதில் சட்டமும் கலந்திருக்கிறது. 12 வருஷம் தாண்டியது மட்டும் போதாது. அவர் அனுமதித்து உழுதிருந்தால் எத்தனை வருஷமானாலும் பலனில்லை.

கேள்வி: நாங்கள் கொடுத்த முக்கிய ஆவணத்தைக் கீழ்க்கோர்ட் பேசவே இல்லை. இதுவும் சங்கதிதானா?

பதில்: இல்லை, இதை விடாதீர்கள். வழக்கையே மாற்றக்கூடிய ஆதாரத்தை ஒதுக்கிவிட்டோ, ஆதாரமே இல்லாமலோ எடுத்த முடிவில் ஹைகோர்ட் தலையிடலாம். ஆனால் ‘தீர்ப்பு சட்டவிரோதம்’ என்று பொதுவாக எழுதினால் போதாது. எந்த ஆவணம், அதனால் எந்த முடிவு மாறும் என்று துல்லியமாகக் கேள்வியை எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: கைமாற்றாகக் கொடுத்த 20,000 ரூபாய்க்கான வழக்கு?

பதில்: செகண்ட் அப்பீலே கிடையாது. வெறும் பண வசூல் வழக்கில் தொகை 25,000 ரூபாயைத் தாண்டியிருக்க வேண்டும். மற்றவர்கள் 90 நாள் கெடுவைக் குறித்துக்கொண்டு, தீர்ப்பின் சான்று நகலுக்கு உடனே மனுப் போடுங்கள்.